கட்டைவிரலால மூடிப் பார்க்குற ஃபேஷன்

போன ஞாயித்துக்கிழமை பைகிராஃப்ட்ஸ் ரோட்டுல (பாரதி சாலைன்னு பேர் மாத்தி எத்தனையோ வருஷம் ஆச்சு, திருவல்லிக்கேணிக்காரங்க வாய்ல இன்னும் பைகிராஃப்ட்ஸ்தான்) பிளாட்பாரக் கடை முன்னாடி உக்காந்து பழைய வோக் இதழ்களைப் புரட்டிக்கிட்டிருந்தேன். காலைலயே சுள்ளுன்னு வெயில். ஆனா அடுக்குக்கு அடியில ஒரு செப்டம்பர் இதழ் தலையை நீட்டிக்கிட்டிருந்துச்சு. அதைப் பார்த்ததுக்கப்புறம் யாருக்கு வெயில் தெரியும்?

பக்கத்துல பிள்ளைக்கு நீட் கைடு தேடிக்கிட்டிருந்தாங்க ஒரு அம்மா. என் தலைத்துணியைப் பார்த்தாங்க. கையில இருந்த புத்தகத்தைப் பார்த்தாங்க. மறுபடியும் தலைத்துணி. கடைசியில கேட்டே கேட்டுட்டாங்க.

"ஏம்மா, நீங்கதான் முழுசா மூடிக்கிறீங்களே. இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

கெட்ட எண்ணத்துல கேக்கல. நிஜமாவே புரியாமதான் கேட்டாங்க. எனக்குச் சட்டுன்னு பதில் வரல. சிரிச்சேன், எண்பது ரூபாயைக் கொடுத்தேன், புத்தகத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வந்துட்டேன். ஆனா வீடு வர்ற வரைக்கும் அந்த "எதுக்கு" உள்ளே முள்ளு மாதிரி நின்னுச்சு.

அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதை உங்ககிட்ட சொல்றேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

முதல்ல ஒரு வார்த்தைத் தகராறு. இந்த மாதிரி உடுப்புக்கு 'மாடஸ்ட் ஃபேஷன்'னு பேரு. தமிழ்ல எழுதுறவங்க 'அடக்கமான உடை'ங்கிறாங்க. எனக்கு அது ஒட்டவே மாட்டேங்குது. எங்க வீட்டுல அடக்கம்னா மையத்தை, அதாவது இறந்தவங்க உடலை, அடக்கம் பண்றது. அதை விட்டா, "பொட்டப்புள்ள அடக்க ஒடுக்கமா இரு"ன்னு சின்ன வயசுல காதுல ஓதினது. நான் கை நீளமா, கழுத்து மூடி, கணுக்கால் வரைக்கும் உடுத்துறது என் விருப்பம், என் மார்க்கம். அதுக்காக நான் அடங்கி ஒடுங்கித்தான் இருக்கணும்னு இல்லையே. அதனால நான் 'நிறைஞ்ச உடுப்பு'ன்னு சொல்றேன். உங்களுக்கு வேற நல்ல வார்த்தை தோணினா கொடுங்க, எடுத்துக்கிறேன்.

இன்னொண்ணு. இது முஸ்லிம் பொண்ணுங்க சமாச்சாரம் மட்டும் இல்ல. என் ஆபீஸ்ல ஒரு பெந்தெகொஸ்தே அக்கா இருக்காங்க, நகை போட மாட்டாங்க, முழங்கைக்கு மேல கை வச்சுத் தைக்க மாட்டாங்க. மேல் மாடி மாமிக்குக் கையில பழைய தீக்காயத் தழும்பு, முழுக்கைதான் வேணும். பால் கொடுக்குற அம்மாமார் இருக்காங்க. வெயில் பட்டாலே தோல் தடிச்சுப் போறவங்க இருக்காங்க. யூதப் பெண்கள்ல மார்க்கத்தை இறுக்கமாப் பிடிச்சிருக்கவங்களும் முழங்கை மூடி, முழங்கால் மூடித்தான் உடுத்துவாங்க. இத்தனை பேருக்கும் கடையில கிடைக்கிறது என்ன? மூட்டை மாதிரி ஒரு நைட்டி உருவம். இல்லேன்னா கல்யாணத்துக்குப் போற ஜிகினா. நடுவுல செவ்வாய்க்கிழமை ஆபீசுக்குப் போட ஒண்ணும் இல்ல.

அதான் புத்தகத்தைப் பார்த்துத் தைச்சுக்கிறேன்.

சரி, ஏன் செப்டம்பர் இதழ்? நியூயார்க், லண்டன், மிலன், பாரிஸ் நாலு ஊர்லயும் வருஷத்துக்கு ரெண்டு தடவை பெரிய ஃபேஷன் வாரம் நடக்கும். பிப்ரவரி, மார்ச்ல காட்டுறது வரப்போற இலையுதிர் காலத்துக்கும் குளிர்காலத்துக்கும். செப்டம்பர், அக்டோபர்ல காட்டுறது அடுத்த வருஷ வசந்தத்துக்கும் கோடைக்கும். பிப்ரவரியில மேடை ஏறின குளிர் உடுப்பெல்லாம் செப்டம்பர் இதழ்ல வந்து குவியும். அமெரிக்க வோக்கோட 2007 செப்டம்பர் இதழ் 840 பக்கம்! (அதை எப்படித் தயாரிச்சாங்கன்னு ஒரு ஆவணப் படமே இருக்கு, 2009ல வந்துச்சு.)

குளிர் ஊர்க்காரங்க குளிருக்கு என்ன பண்ணுவாங்க? மூடுவாங்க! கழுத்து வரைக்கும், மணிக்கட்டு வரைக்கும், கணுக்கால் வரைக்கும். மேல ஒரு கோட்டு, அதுக்கு மேல சால்வை, சில படத்துல தலையில துணி கூட. எந்த மார்க்கமும் சொல்லாம குளிரே எனக்காக ஒரு புத்தகம் போட்டுக் கொடுக்குது. ஜூன் இதழ்ல நாப்பது பக்கம் புரட்டி ஒரு படம் தேறும். செப்டம்பர் இதழ்ல நாலு பக்கத்துக்கு ஒண்ணு தேறும்.

இதைக் கண்டுபிடிச்ச நாள் நான் குதிச்சேன். ஆனா சென்னையில குளிர் இல்லையே. அந்தப் பாடத்தைப் படிக்க எனக்கு ஒரு மே மாசம் ஆச்சு.

புத்தகத்துல கையில்லாத கவுனுக்கு உள்ளே கழுத்து மூடின பனியன் துணிச் சட்டை போட்டு ஒரு பொண்ணு நின்னா. அழகுன்னா அப்படி ஒரு அழகு. நானும் கடையில ஒரு இன்னர் வாங்கினேன். பாலியெஸ்டர். மேல ஒரு கவுன், அதுக்கு மேல தலைத்துணி. ராயப்பேட்டை தாண்டுறதுக்குள்ள உள்ளே ஆவி பறக்குது. சாயங்காலம் பார்த்தா கழுத்தைச் சுத்தி வேர்க்குரு, ஒரு வாரம் நுங்குத் தண்ணி தடவித்தான் அடங்கிச்சு.

அப்பதான் உறைச்சது. புத்தகத்துலேருந்து நான் எடுக்க வேண்டியது துணியை இல்ல. உருவத்தை. எங்க அகலம், எங்க ஒடுக்கம், நிறம் எந்த இடத்துல மாறுது, எத்தனை நீளத்துல நிக்குது. அந்த நாலு விஷயம் எந்த ஊர் வெயில்லயும் வேலை செய்யும். கம்பளியை அவங்களே வச்சுக்கட்டும்.

இதுக்கு நான் வச்சிருக்கிற கருவி என்ன தெரியுமா? என் கட்டைவிரல்.

படத்துல ஆழமான கழுத்தா? கட்டைவிரலால மூடு. மூடினப்புறமும் அந்த உடுப்பு நிக்குதான்னு பாரு. தொடை வரைக்கும் பிளவா? மூடு. கை இல்லையா? ரெண்டு பக்கமும் மூடு. மூடினதும் ஒண்ணுமே மிச்சமில்லைன்னா அந்தப் படத்துல உடுப்பே இல்ல, வெறும் உடம்புதான் இருந்துச்சு. பக்கத்தைத் திருப்பு. மூடினப்புறமும் கண்ணு நிக்குதுன்னா அதுல வெட்டு இருக்கு, விகிதம் இருக்கு. அதை நோட்டுல ஒட்டு. ட்ரேசிங் பேப்பர் கிடைச்சா இன்னும் நல்லது. வெளிக்கோட்டை மட்டும் பென்சில்ல இழுத்துட்டா மாடலோட முகம், விளக்கு, கடற்கரை எல்லாம் காணாமப் போயிரும். உடுப்பு மட்டும் வந்து நிக்கும்.

(ஒரு எச்சரிக்கை: படத்துல உடுப்பு உடம்புக்கு அளவெடுத்த மாதிரி உக்காந்திருக்கும். பின்னாடி கிளிப் போட்டு இறுக்கியிருப்பாங்க. அது தெரியாம "எனக்கு ஏன் இப்படி உக்கார மாட்டேங்குது"ன்னு எத்தனை பிள்ளைங்க அழுதிருக்கும்!)

இப்போ டெய்லர் அண்ணன். எங்க தெருவுல முப்பது வருஷமாத் தைக்கிறார். முதல் தடவை நோட்டை எடுத்துட்டுப் போனப்போ கண்ணாடியை இறக்கிப் பார்த்துட்டு, "இன்னாம்மா இது, வெள்ளக்காரி கோட்டு. இதை இந்த ஊர்ல போட்டா அவிஞ்சிடுவ"ன்னார்.

"கோட்டு வேணாம்ணே. கோட்டோட வெட்டு மட்டும் வேணும். மெல்லிசு துணியில."

முதல் முயற்சிக்கு நான் ஜார்ஜெட் எடுத்துட்டேன். தப்பு. அந்தக் கோட்டு அழகே தோள்லேருந்து நேரா விறைப்பா விழுறதுதான். ஜார்ஜெட்டுக்கு ஏது விறைப்பு? ஜன்னல் திரை மாதிரி துவண்டுபோச்சு. அண்ணன் ஒண்ணும் சொல்லல, கடையிலேருந்த ஒரு துண்டு மங்களகிரி காட்டனை எடுத்து என் கையில வச்சார். "இதைக் கசக்கிப் பாரு. இதுக்கு எலும்பு இருக்கு."

எலும்பு! துணிக்கு எலும்பு இருக்குன்னு எந்த ஃபேஷன் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரல. அன்னிலேருந்து நான் துணிக்கடையில முதல்ல நிறம் பார்க்கறதில்ல. கசக்கித்தான் பார்க்கறேன். விறைப்பா நிக்கணும்னா மங்களகிரி, கதர், லினன். விழணும்னா ரேயான், மல். உடம்புல ஒட்டவே கூடாதுன்னா பனியன் துணி பக்கமே போகக் கூடாது.

மூணு மீட்டர் மங்களகிரி எடுத்தோம், பாக்கு நிறத்துல. கையில்லாத நீளக் கோட்டு. உள்ளே அதே நிறம், ஒரு சாயல் வெளுப்பா, மல் துணியில முழுக்கைச் சட்டை. தலைத்துணியும் அதே குடும்பம். இது நான் ஒரு டிசம்பர் இதழ்லேருந்து எடுத்தது. ஒட்டக நிறக் கோட்டு, ஒட்டக நிற ஸ்வெட்டர், ஒட்டக நிறப் பாவாடைன்னு தலைலேருந்து கால் வரைக்கும் ஒரே நிறத்துல ஒருத்தி நின்னா. எல்லாம் ஒரே நிறம், ஆனா ஒண்ணு சொரசொரப்பு, ஒண்ணு வழுவழுப்பு. எங்கேயும் கோடு வெட்டாததால ஆள் ஓங்கி நிப்பா. என் உயரம் அஞ்சடி ஒரு அங்குலம். போட்டுக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன்.

கழுத்து மூடின இன்னருக்கும் வழி கிடைச்சது. அண்ணன்தான் சொன்னார்: உள்ளே முழுச் சட்டை எதுக்கு, காலரையும் கஃபையும் மட்டும் வேற நிறத்துல தைச்சு மேல் உடுப்போடயே வச்சுக் கொடுத்துடுறேன். வெளியே பார்த்தா ரெண்டு அடுக்கு. உள்ளே ஒரே அடுக்கு. 'பொய்க் காலர்'னு பேர் வச்சிருக்கார். என் தங்கச்சிக்கு, பெந்தெகொஸ்தே அக்காவுக்கு, மேல் மாடி மாமிக்கு எல்லாருக்கும் இப்போ பொய்க் காலர்.

பிளவு விஷயமும் சொல்லணும். பாவாடையில பிளவு எதுக்கு வச்சாங்க? ஒடுக்கமான பாவாடையில கால் எட்டி வைக்கணுமே, அதுக்கு. அப்போ எனக்கு வேண்டியது எட்டி வைக்க இடம். அதைப் பாக்ஸ் ப்ளீட் கொடுக்கும். பிளவு இருக்கற இடத்துல உள்ளே மடிச்சு ஒரு துண்டு வச்சா, நின்னா மூடியிருக்கும், நடந்தா விரியும். விரியற இடத்துல வேற நிறம் வச்சா, நடக்கும்போது மட்டும் ஒரு கீத்து மின்னும். இது பிளவை விட அழகுன்னு நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

புத்தகத்துல இருக்கவே இருக்காத ஒரு பரீட்சை பாக்கி. பஸ் பரீட்சை. 29சி-ல நின்னுக்கிட்டு மேல் கம்பியைப் பிடிங்க. கை முழங்கை வரைக்கும் வழுக்கி இறங்குதா? இடுப்புக்கிட்ட மொத்த உடுப்பும் ஒரு சாண் ஏறுதா? மாடல் பொண்ணு கையைக் கீழே தொங்கவிட்டுத்தானே நிக்கிறா, அவளுக்கு என்ன!

தளர்வா இருக்கட்டும்னு நாம ஆர்ம்ஹோலை இறக்கி வெட்டச் சொல்றோம்ல, அதுதான் வினை. ஆர்ம்ஹோல் இறங்க இறங்க, கையைத் தூக்கினா உடம்புத் துணியையும் சேர்த்து இழுக்கும். அக்குள் பக்கம் மேலே ஏத்தி வெட்டினா கை மட்டும் தனியா உயரும், உடுப்பு இருந்த இடத்துல இருக்கும். இறுக்காதான்னு பயந்தேன். இறுக்கல. மணிக்கட்டுல பட்டன் வச்ச கஃப் போட்டாச்சுன்னா கையும் வழுக்காது. இப்போ நான் ட்ரையல் பார்க்கும்போது கடை உத்தரத்தைப் பிடிச்சுத் தொங்குற மாதிரி நின்னுதான் பார்க்கறேன். அண்ணனும் "பஸ் பார்த்தியா?"ன்னு கேக்காம உடுப்பைக் கட்டிக் கொடுக்கறதில்ல.

நிறத்தைப் பத்திக் கேட்டா நான் வேலண்டினோ பக்கங்களைத்தான் காட்டுவேன். பியர்பாவ்லோ பிச்சோலி அங்கே டிசைனரா இருந்த வருஷங்கள்ல (2024ல வெளியே போயிட்டார்) வந்த நீளக் கவுன்கள். கழுத்து மூடி, கை மூடி, தரை வரைக்கும். நிறம்? பளீர் ரோஸ், ஊதா, பச்சை, எதுக்கும் அஞ்சாம ஒண்ணு பக்கத்துல ஒண்ணு. நிறைஞ்ச உடுப்புன்னா கருப்பு, இல்லேன்னா சாம்பல்னு நமக்கு நாமே வேலி போட்டுக்கிட்டோம். நம்ம ஊர்ப் பக்கம் வந்தா டிசைனர் சப்யசாச்சி. 2013ல வித்யா பாலன் கான் பட விழாவுக்கு நடுவரா போனப்போ அவரோட உடுப்புகள்தான் போட்டுக்கிட்டு வந்தாங்க. முழுக்கை ரவிக்கை, இழுத்துப் போர்த்தின சேலை. அந்தப் படங்களை நான் பத்திரமா வச்சிருக்கேன்.

பழைய கதையும் ஒண்ணு. 1947 பிப்ரவரியில கிறிஸ்டியன் டியோர் முதல் தொகுப்பைக் காட்டினார். யுத்தக் காலத்துல துணிக்கு ரேஷன், பாவாடையெல்லாம் குட்டையாகிக் கிடந்துச்சு. இவர் முழங்காலுக்கு நல்லாக் கீழே, மீட்டர் மீட்டராத் துணி போட்டுப் பாவாடையை இறக்கினார். பார்த்துட்டு 'நியூ லுக்'னு பேர் வச்சது யாரு? ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகை ஆசிரியர் கார்மெல் ஸ்னோ. நீளமான உடுப்பைப் பார்த்து ஒரு ஃபேஷன் பத்திரிகைக்காரம்மா புதுசுன்னு கொண்டாடின நாள் அது. (இடுப்பை அவர் இறுக்கின இறுக்கை மட்டும் நான் எடுத்துக்க மாட்டேன்.)

சரி, எங்களை மாதிரி ஆளுங்களுக்குன்னே பத்திரிகைங்க ஒண்ணும் பண்ணலையான்னு கேப்பீங்க. பண்ணினாங்க. 2017ல வோக் அரேபியா அச்சுல வந்துச்சு. கென்யாவுல ககுமா அகதி முகாம்ல பிறந்த ஹலிமா ஏடன், தலைத்துணியோட 2018 மே மாச பிரிட்டிஷ் வோக் அட்டையில வந்தா. அந்த அட்டையைப் போன்ல பார்த்தப்போ எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நம்ம மாதிரி ஒருத்தி! ஆனா 2020ல அவளே போதும்னு விலகிட்டா. படம் எடுக்குற இடத்துல தன் மார்க்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கொடுக்க வேண்டி வந்ததுன்னு மனசு விட்டுச் சொன்னா. தலைத்துணிக்குப் பதிலா ஜீன்ஸைச் சுத்தி எடுத்த படத்தைக் கூடச் சொல்லி வருத்தப்பட்டா. அட்டையில இடம் கிடைச்சும் அவளுக்கு அங்கே இடம் இல்லாமப் போச்சு. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகல.

பெரிய கம்பெனிங்களும் ரமலான் வந்தா 'சிறப்புத் தொகுப்பு' போடுவாங்க. தங்க ஜரிகை, தரை கூட்டுற கஃப்தான். இஃப்தார் விருந்துக்கு அழகுதான், மறுக்கல. மீதி பதினோரு மாசம் நான் என்ன பண்றது? அதனாலதான் எனக்குன்னு போட்ட பக்கத்தை விட, எனக்குன்னு போடாத பக்கத்துலதான் அதிகம் கிடைக்குது. செப்டம்பர் இதழ்ல வர்ற கோட்டை வெட்டினவர் என்னை நினைச்சு வெட்டல. ஆனா வெட்டு நல்ல வெட்டு. நல்ல வெட்டு யார் கேட்டாலும் பேசும்.

எங்க நன்னி, அதான் பாட்டி, ஞாபகம் வருது. நாகூர்ல, வெளியே போனா சேலைக்கு மேல வெள்ளைத் துப்பட்டிதான். மத்தவங்களுக்கு எல்லாத் துப்பட்டியும் ஒண்ணுதான். நன்னிக்கு அப்படி இல்ல. கஞ்சி எவ்வளவு போடணும், நீலம் எத்தனை சொட்டு, நெத்தியில எந்த இடத்துல மடிப்பு விழணும்னு கணக்கு வச்சிருந்துச்சு. தெருமுனையில பத்துப் பேர் வெள்ளையா வந்தாலும், நடுவுல எங்க நன்னி எதுன்னு எனக்கு அந்த மடிப்புலயே தெரிஞ்சிரும். ஓடிப்போய்க் கட்டிக்குவேன். அது எந்தப் புத்தகத்தையும் பார்க்கல. பார்த்திருந்தா எனக்கு முன்னாடியே கட்டைவிரலை வச்சிருக்கும்.

கைடு வாங்க வந்த அம்மா, இதுதான் எதுக்குங்கிறதுக்குப் பதில். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்தீங்கன்னா நோட்டைக் காட்டறேன்.

எண்பது ரூபாய் இதழ்லேருந்து ஒரே ஒரு படம் ஏற்கெனவே நோட்டுக்கு வந்தாச்சு. கரும்பச்சை நீளக் கோட்டு, ரெண்டு பக்கமும் பெரிய பாக்கெட், பொண்ணு ரெண்டு கையையும் உள்ளே விட்டுக்கிட்டு நிமிர்ந்து நிக்கிறா. அண்ணன்கிட்ட கொடுத்தாச்சு. எல்லாத்துக்கும் தலையாட்டினவர் பாக்கெட்டுக்கு மட்டும் மூஞ்சியைச் சுளிக்கிறார். "லேடீஸுக்கு எதுக்கும்மா பாக்கெட்டு, தொங்கும்." இவருக்கும் ஒரு "எதுக்கு"! பஸ் காசு, சாவி, போன்னு ஒண்ணொண்ணா எடுத்து அவர் மேஜை மேல வச்சுக் காட்டினேன். "பாப்போம்"னார்.

வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கார். பாக்கெட் வச்சிருக்காரான்னு வந்து சொல்றேன்.